விருப்பம் இல்லை என்று எழுதியது யார்?

அமெரிக்காவில் மெடிக்கெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம்) பணத்தில் ஒருவர் நீண்ட காலப் பராமரிப்பு இல்லத்தில் இருந்தால், அவருக்கு வரும் ஊனத் தொகையோ பென்ஷனோ ஏறக்குறைய முழுவதும் இல்லத்துக்கே போய்விடும். கைச்செலவுக்கு என்று கொஞ்சம் விட்டுவைப்பார்கள். மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சத் தொகை மாதம் 30 டாலர். 1988-லிருந்து அதே முப்பதுதான். சில மாநிலங்கள் மேலே கொஞ்சம் போட்டுக் கொடுக்கும். முடிவெட்டுவது, செல்போன், உள்ளாடை, எப்போதாவது வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிட ஆசைப்பட்டால் அது, எல்லாம் இதற்குள் முடிய வேண்டும்.

இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அட்லாண்டாவைச் சுற்றி ஓடும் 285 நெடுஞ்சாலையில் ஒரு மழைநாள் விபத்தில் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. சி6 என்பார்கள். மணிக்கட்டைத் தூக்க முடியும், விரல்களை மடக்க முடியாது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அதுவரை மென்பொருள் டெஸ்டிங் வேலை. மறுவாழ்வு மருத்துவமனையில் இன்சூரன்ஸ் அனுமதித்த நாட்கள் தீர்ந்தபோது நான் இருந்த அபார்ட்மென்ட் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அக்கா நியூஜெர்சியில், அம்மா இந்தியாவில். "கொஞ்ச நாளைக்கு இங்கே இருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த நான்தான் அந்தத் தளத்தில் சின்னப் பையன்.

அங்கே யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தாலே எல்லோரும் அடி உதைக் கதையை எதிர்பார்க்கிறார்கள். என்னைப் பார்த்துக்கொண்ட பெண்களில் பாதிப் பேர் இரண்டு ஷிஃப்ட் வேலை பார்த்தார்கள், ஒருவர் எனக்காகத் தன் காசில் மிளகாய்த்தூள் வாங்கி வந்து கொடுத்தார். ஆனால் காலை எத்தனை மணிக்கு எழுவது என்று நான் முடிவு செய்ய முடியாது. குளியல் வாரத்தில் எந்த நாள் என்பது சுவரில் ஒட்டிய அட்டவணையில் இருக்கும். அறைக்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இரவு எட்டு மணிக்குப் படுக்கையில் போட்டுவிட்டால் காலை வரை கூரைதான். பகல் முழுக்க டிவி ஓடும், ரிமோட் பக்கத்துக் கட்டிலில் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மெடிக்கெய்டு, மெடிகேர் (முதியோருக்கும் ஊனமுற்றோர் சிலருக்கும் உள்ள அரசு மருத்துவக் காப்பீடு) பணம் வாங்கும் ஒவ்வொரு பராமரிப்பு இல்லமும் அங்கே தங்கியிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நீண்ட மதிப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். சேரும்போது ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதில் ‘க்யூ’ என்று ஒரு பிரிவு. 2010 அக்டோபரில் வந்த புதிய படிவத்தில் அந்தப் பிரிவில் ஒரு நேரடிக் கேள்வியைச் சேர்த்தார்கள்: இந்த இல்லத்தை விட்டு வெளியேறி, சமூகத்தில் வாழ்ந்துகொண்டே சேவைகளைப் பெறுவது பற்றி யாரிடமாவது பேச விரும்புகிறீர்களா? ‘ஆம்’ என்றால் இல்லம் சும்மா இருக்க முடியாது. அந்தப் பகுதிக்கென்று நியமிக்கப்பட்ட வெளி அமைப்புக்குத் தகவல் அனுப்ப வேண்டும், அவர்கள் வந்து உங்களைப் பார்ப்பார்கள். ‘இல்லை’ என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம், வருடாந்தர முழு மதிப்பீட்டின்போது கேட்டால் போதும் என்று சொல்வதற்கும் பக்கத்திலேயே ஒரு கட்டம் உண்டு.

என்னிடமும் கேட்டார்கள். அக்கா வந்திருந்த ஒரு மதியம், அக்காவை வைத்துக்கொண்டே. "இங்கே உங்களுக்குப் பாதுகாப்பாக இருக்கிறது அல்லவா? வெளியே போவது பற்றி யாரிடமாவது பேச வேண்டுமா, இப்போதைக்கு வேண்டாமா?" என்று சோஷியல் வொர்க்கர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

சுவரில் ஓம்பட்ஸ்மன் (இல்லவாசிகளின் புகார்களைக் கேட்கும் அலுவலகம்) போஸ்டர் ஒன்று இருக்கும், அந்த எண்ணை எல்லா இல்லமும் கட்டாயம் ஒட்டி வைக்க வேண்டும். ஒரு நாள் பொழுது போகாமல் அந்த எண்ணைக் கூப்பிட்டேன். எதிர்முனையில் இருந்த பெண்மணி முதலில் சொன்னது, உங்கள் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்று. மத்திய விதிப்படி, கேட்டால் 24 மணி நேரத்துக்குள் பார்க்க விட வேண்டும், நகல் கேட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். வாங்கினேன். ‘க்யூ’ பிரிவில் ‘இல்லை’ என்று இருந்தது. ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டாம் என்ற கட்டத்திலும் டிக் இருந்தது.

என் அறைத் தோழர் எழுபதைத் தாண்டிய கறுப்பினத்தவர், வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கடன் அடைத்த சொந்த வீடு ஒன்று இருக்கிறது என்று ஞாயிறு தவறாமல் சொல்வார். என் காகிதத்தைக் காட்டியதும் அவரும் தன்னுடையதைக் கேட்டு வாங்கினார். அவருக்குப் பதில் சொன்னவர் என்ற இடத்தில் மகன் பெயர். மனிதருக்கு நினைவு தப்பவில்லை, பேச்சு குழறவில்லை. லாரிக் கம்பெனி எண்பதுகளில் கொடுக்காமல் விட்ட ஓவர்டைம் கணக்கை டாலர் சென்ட் வரை சொல்வார். அவரிடம் கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த ஒரு டிக் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓம்ஸ்டெட் தீர்ப்புக்குப் போக வேண்டும். அது நடந்ததும் நான் இருக்கும் இதே ஜார்ஜியா மாநிலத்தில்தான்.

லோயிஸ் கர்டிஸ் என்ற பெண். அறிவுசார் குறைபாடும் மனநோயும் இருந்தன, சின்ன வயதிலிருந்தே ஒரு நிறுவனம் மாற்றி இன்னொன்றில் வளர்ந்தவர். 1992 மே மாதம் அட்லாண்டாவில் உள்ள அரசு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அடுத்த வருடம் மே மாதமே அவருடைய மருத்துவக் குழு, நிலைமை சீராகிவிட்டது, இவர் வெளியே தகுந்த உதவியோடு வாழலாம் என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் 1996 பிப்ரவரி வரை அவர் உள்ளேயே இருந்தார். டாக்டரே போகலாம் என்ற பிறகு மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எலைன் வில்சன் இன்னொருவர். அவரை 1995-இல் மருத்துவமனை வெளியே அனுப்பப் பார்த்தது, எங்கே என்றால் வீடற்றோர் விடுதிக்கு. அவருடைய வழக்கறிஞர் புகார் கொடுத்த பிறகுதான் அதைக் கைவிட்டார்கள். ‘சமூகத்தில் வாழ்வது’ என்று சொல்லிவிட்டுத் தெருவில் விடுவதும் ஒரு வழக்கம் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். எங்கள் மாதிரி ஆட்கள் பேசுவது அதைப் பற்றி அல்ல.

அட்லாண்டா சட்ட உதவி அமைப்பின் வழக்கறிஞர் சூ ஜேமிசன் 1995-இல் கர்டிஸுக்காக வழக்குப் போட்டார், வில்சனும் சேர்ந்தார். எதிர்த்தரப்பில் மாநிலத்தின் மனிதவளத் துறை ஆணையர் டாமி ஓம்ஸ்டெட். அதனால்தான் தீர்ப்புக்கு அந்தப் பெயர். ஜெயித்தவர்களின் பெயரில் இல்லாமல் தோற்ற அதிகாரியின் பெயரில் நாங்கள் எல்லோரும் எங்கள் உரிமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! 1999 ஜூன் 22 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். வெளியே வாழக்கூடிய ஒருவரைத் தேவையில்லாமல் நிறுவனத்துக்குள் பிரித்து வைப்பது, 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி பாகுபாடு. இரண்டு காரணம் சொன்னார். ஒருவரை அடைத்து வைத்தால், இவர்கள் சமூக வாழ்க்கைக்கு லாயக்கில்லாதவர்கள் என்ற எண்ணம் மற்றவர்களிடம் இன்னும் ஊறுகிறது. அடைக்கப்பட்டவருக்கோ குடும்பம், நட்பு, வேலை, படிப்பு, சம்பாத்தியம் எல்லாம் சுருங்கிப் போகின்றன.

தீர்ப்பில் மூன்று நிபந்தனைகள் உண்டு. சமூகத்தில் வாழ்வது இவருக்குப் பொருந்தும் என்று சிகிச்சை அளிப்பவர்கள் கருத வேண்டும். மாநிலத்தின் வசதி, மற்றவர்களின் தேவை ஆகியவற்றைப் பார்த்து அதை நியாயமாகச் செய்து கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அப்புறம், சம்பந்தப்பட்டவர் அதை எதிர்க்காமல் இருக்க வேண்டும்.

மூன்றாவதைப் படிக்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. யாரையும் அவர் விருப்பத்துக்கு மாறாக வெளியே தள்ளக் கூடாது, சரிதானே? ஆனால் நடைமுறையில் உரிமை சத்தமில்லாமல் ஒழுகிப் போகும் ஓட்டை இதுதான் என்பது என் அபிப்பிராயம். பட்ஜெட் இல்லை என்று மாநிலம் சொன்னால் கோர்ட்டில் வாதாடலாம். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு டாக்டரைப் பார்க்கலாம். ‘அவருக்கே விருப்பமில்லை’ என்று படிவத்தில் ஏறிவிட்டால் வாதாட ஆளே இல்லை. பல வருடம் உள்ளே இருந்த ஒருவரிடம் போய், வீடு எங்கே, யார் உதவுவார், வாடகைக்குப் பணம் எப்படி என்று எதையும் சொல்லாமல் ‘வெளியே போகிறீர்களா’ என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? "எங்கே போறது?" என்பார். அது ‘இல்லை’ என்று பதிவாகும்.

மாற்றுத்திறனாளிகள் தங்கள் விருப்பப்படி வெளியே வாழ உதவும் ஒரு சுதந்திர வாழ்வு மையத்தில் நான் இப்போது பகுதி நேர வேலை செய்கிறேன். இந்த மையங்கள் நாடு முழுக்க உண்டு. முன்னோடி 1972-இல் பெர்க்லியில் தொடங்கிய மையம், இரும்பு நுரையீரல் என்ற மூச்சு இயந்திரத்துக்குள் தூங்கிக்கொண்டே பல்கலைக்கழகத்தில் படித்த எட் ராபர்ட்ஸும் நண்பர்களும் ஆரம்பித்தது. மத்திய நிதி வாங்கும் மையங்களில் ஊழியர்களிலும் நிர்வாகக் குழுவிலும் பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகளாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். பராமரிப்பு இல்லங்களிலிருந்து வெளியே வர உதவுவது 2014-லிருந்து எங்கள் கட்டாயப் பணிகளில் ஒன்று. நான் போய்ப் பேசும்போது ‘வெளியே வருகிறீர்களா’ என்ற கேள்வியை முதலில் எடுப்பதே இல்லை. காலையில் எத்தனை மணிக்கு எழப் பிடிக்கும்? கடைசியாக நீங்களே சமைத்தது எப்போது? ராத்திரி கதவைச் சாத்துவது யார்? இப்படி ஆரம்பித்தால், ‘விருப்பம் இல்லை’ என்று பதிவாகியிருந்த ஒரு பாட்டி கடைசியில் தன் வீட்டுச் சமையலறையில் அலமாரி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று என்னிடம் சண்டை போட்டார்.

இதற்கு மேல் பணம். இந்த நாட்டில் ஏன் இவ்வளவு பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதற்குப் பெரிய சதித்திட்டம் எதுவும் தேட வேண்டியதில்லை, 1965-இல் எழுதிய மெடிக்கெய்டு சட்டத்தைப் பார்த்தால் போதும். தகுதி உள்ளவர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தால் மாநிலம் பணம் கட்டியே ஆக வேண்டும். அதே ஆள் வீட்டில் இருந்துகொண்டு உதவியாளர் கேட்டால், அது மாநிலத்தின் விருப்பம். 1981-இல்தான் வீட்டுச் சேவைக்கும் பணம் தர ‘வெய்வர்’ (விதிவிலக்கு) என்ற பின்வாசலைத் திறந்தார்கள். கேட்டி பெக்கெட் என்ற சிறுமி மருத்துவமனையில் இருந்தால்தான் மெடிக்கெய்டு பணம் தரும், செலவு குறைவான வீட்டுக்குப் போனால் தராது என்ற கூத்து அதிபர் ரீகன் காதுக்கு எட்டி, அவர் அதைப் பத்திரிகையாளர்களிடமே சொல்லிக் கிண்டலடித்தார். பின்வாசல் திறந்ததே ஒழிய அதில் எத்தனை பேர் நுழையலாம் என்று மாநிலங்கள் எண்ணிக்கை வைத்துக்கொள்ளலாம். அதனால் காத்திருப்போர் பட்டியல். 2024 கணக்குப்படி நாடு முழுக்க இந்தப் பட்டியல்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பராமரிப்பு இல்லத்துக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. இன்று கட்டில் காலியானால் இன்று மாலையே சேர்த்துக்கொள்வார்கள்.

இன்னொரு வேடிக்கை. இல்லத்தில் இருக்கும்போது இடம், சாப்பாடு, கரண்ட் எல்லாமும் சேர்த்து மெடிக்கெய்டு கட்டுகிறது. வெளியே வந்தால் உதவியாளருக்கு மட்டும்தான், வாடகையும் சாப்பாடும் உங்கள் பாடு. ஊனமுற்றோருக்கான மத்திய உதவித்தொகை எஸ்.எஸ்.ஐ. 2025-இல் மாதம் 967 டாலர். அட்லாண்டா பக்கம் அதற்குள் ஒரு படுக்கையறை அபார்ட்மென்ட் தேடிப் பாருங்கள். வேலை பார்த்து வரி கட்டிய வருடங்கள் இருந்ததால் எனக்கு வருவது சற்றுக் கூடுதல், வாடகை மானிய வவுச்சரும் கடைசியில் கிடைத்தது. அது இல்லாதவர்கள் சட்டப்படி சுதந்திரமாகவும் நடைமுறையில் உள்ளேயும் இருக்கிறார்கள்.

இங்கே இருக்கும் நம் ஆட்களுக்காக ஒரு இடைச்செருகல்: நான் குடியுரிமை வாங்கியிருந்ததால் மெடிக்கெய்டு கிடைத்தது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். என் சேமிப்பெல்லாம் முதலில் கரைந்தாக வேண்டியிருந்தது, கையில் 2,000 டாலருக்கு மேல் இருந்தால் தகுதி இல்லை. எச்1பி-யில் இருப்பவர்கள் நீண்டகால ஊன இன்சூரன்ஸை ஆபீஸ் கொடுக்கும்போது வேண்டாம் என்று டிக் அடிக்காதீர்கள். சாகசப் பயணத்துக்கும் போன் உடைந்தால் மாற்றவும் இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

வெளியே வரப் போகிறேன் என்று சொன்னதும் குடும்பத்தில் நடந்ததும் சின்னப் போராட்டம்தான்.

"டேய், அங்க இருபத்திநாலு மணி நேரமும் நர்ஸ் இருக்காங்க. தனியா போய் என்னடா பண்ணப் போற?" என்றாள் அக்கா.

"கட்டடத்துக்குள்ள இருக்காங்கக்கா. நான் பெல் அடிச்சா வர்றதுக்கு முக்கால் மணி நேரம் ஆகுது."

அம்மா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ராத்திரி யாருப்பா திருப்பிப் படுக்க வைப்பாங்க?"

சட்டப் புத்தகங்களில் இல்லாத சரியான கேள்வி அதுதான். உணர்ச்சி இல்லாத உடம்பை இரவில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பாவிட்டால் படுக்கைப் புண் வரும், புண் எலும்பு வரை போனால் உயிருக்கே ஆபத்து. எனக்கு முதலில் ஒதுக்கிய உதவியாளர் நேரம் காலையும் மாலையும் மட்டுமே. ராத்திரிக்கு, தானாகக் காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தை ஒன்று, பிறகு நடுராத்திரியில் வந்து போகும் ஒரு உதவியாளர். அந்த நடுராத்திரி ஏற்பாட்டை எழுத்தில் வாங்கிய பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன். அம்மாவுக்கும் அதற்குப் பிறகுதான் தூக்கம் வந்தது.

‘பணம் ஆளைப் பின்தொடரட்டும்’ என்ற பெயரில் ஒரு மத்தியத் திட்டம் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. முன்பணம், கரண்ட் இணைப்பு, கட்டில், பாத்திரம் மாதிரியான ஒருமுறைச் செலவுகளை அது ஏற்கும். முதலில் ஆறு மாதமாவது உள்ளே இருந்தவர்களுக்குத்தான், பிறகு 90 நாள், இப்போது 60 நாள். இதன் வழியாக ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வெளியே வந்திருக்கிறார்கள், நானும் அதில் அடக்கம். வீடு தேடும்போது இரண்டு விஷயம் பார்த்தோம். ஒன்று, பஸ் வழித்தடத்திலிருந்து முக்கால் மைலுக்குள் இருக்கிறதா என்பது. வீல்சேர் ஏற்றும் வேன் சேவையை அந்தத் தூரத்துக்குள் மட்டுமே கொடுக்கும் கட்டாயம் போக்குவரத்துத் துறைக்கு உண்டு, ஒரு தெரு தள்ளிப் போனால் வேன் வராமல் போகலாம். இன்னொன்று, கட்டடம் 1991 மார்ச்சுக்குப் பிறகு கட்டியதா என்பது. நான்கு வீடுகளோ அதற்கு மேலோ உள்ள புதிய கட்டடங்களில், பின்னாளில் பிடிகம்பி பொருத்தும் அளவுக்குக் குளியலறைச் சுவரை உறுதியாக்கி வைக்க வேண்டும் என்று வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது. யாரோ எப்போதோ எழுதிய அந்த ஒரு வரியால் என் குளியலறைச் சுவரைத் தட்டியபோது உள்ளே மரக்கட்டை இருந்தது. என்னைப் பொறுத்தவரை ஓம்ஸ்டெட் தீர்ப்புக்கு நிகரான வரி அது.

பெரிய வழக்குகளைப் பற்றிக் கேட்கிறீர்களா? உண்டு. 2010-இல் ஜார்ஜியா மீதான வழக்கில் மத்திய அரசின் நீதித் துறை ஒரு சமரசத்துக்கு வந்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை அரசு மனநல மருத்துவமனைகளில் சேர்ப்பதை நிறுத்த வேண்டும், கடும் மனநோய் உள்ள சுமார் 9,000 பேருக்குச் சமூகத்திலேயே சேவை தர வேண்டும். குறித்த காலத்தில் எல்லாம் முடியவில்லை, 2016-இல் நீட்டித்தார்கள். ஃபுளோரிடாவில் குழந்தைகளைப் பராமரிப்பு இல்லங்களில் வைத்திருக்கிறார்கள் என்று 2013-இல் நீதித் துறை வழக்குப் போட்டது. தீர்ப்பு வந்தது 2023 ஜூலையில், மாநிலம் மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்குப் போட்டபோது எட்டு வயதாக இருந்த குழந்தைக்குத் தீர்ப்பு வந்தபோது பதினெட்டு. மிசிசிப்பியில் இன்னும் மோசம். 2019-இல் மாவட்ட நீதிமன்றம் மாநிலத்தின் மனநலச் சேவை முறையே சட்டத்தை மீறுகிறது என்றது. 2023 செப்டம்பரில் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நிறுவனத்தில் போய்ச் சேரும் அபாயம் இருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது என்பது அதன் வாதம்.

இந்த ‘அபாயம்’ என்ற வாதம் எனக்குச் சோறு போட்ட வாதம், அதனால் அந்தத் தீர்ப்பு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 2003-இல் ஓக்லஹோமா சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் பத்தாவது வட்ட நீதிமன்றம், ஒருவர் நிறுவனத்துக்குள் போன பிறகுதான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, சேவையை வெட்டி அவரை அந்தப் பக்கம் தள்ளினாலே கேள்வி கேட்கலாம் என்றது. மாதத்துக்கு ஐந்து மருந்துச் சீட்டு மட்டும் என்று மாநிலம் கட்டுப்படுத்தியதை எதிர்த்த வழக்கு அது. நான் வெளியே வந்து ஒரு வருடம் முடிந்ததும் மறுமதிப்பீடு நடந்தது, நடுராத்திரி நேரத்தை வெட்டி ஒரு கடிதம் வந்தது. காரணம்: கடந்த வருடம் படுக்கைப் புண் எதுவும் வரவில்லை. ராத்திரி ஆள் வந்து திருப்பியதால்தானே ஐயா வரவில்லை!

மெடிக்கெய்டு சேவையைக் குறைப்பதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பு கடிதம் அனுப்ப வேண்டும். குறைப்பு அமலாகும் தேதிக்கு முன்பு விசாரணை கேட்டால், முடிவு வரும் வரை பழைய நேரம் தொடரும். தோற்றால் அந்த இடைக்காலச் செலவைத் திருப்பிக் கேட்கலாம் என்ற பூச்சாண்டியும் கடிதத்திலேயே இருக்கும், அதைப் பார்த்துப் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். நான் கேட்டேன். மறுவாழ்வு டாக்டர் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார்: ராத்திரி திருப்ப ஆள் இல்லையென்றால் புண், புண் என்றால் மருத்துவமனை, அங்கிருந்து பராமரிப்பு இல்லம். மாநிலத்தின் மாற்றுத்திறனாளிகள் பாதுகாப்பு அமைப்பிலிருந்து ஒரு வழக்கறிஞர் என் பக்கம் உட்கார்ந்தார், காசு வாங்கவில்லை. இந்த அமைப்புகள் எல்லா மாநிலங்களிலும் உண்டு. நியூயார்க்கின் வில்லோபுரூக் நிறுவனத்தில் குழந்தைகளை எப்படி வைத்திருந்தார்கள் என்பது 1972-இல் டிவியில் வெளியாகி நாடே அதிர்ந்த பிறகு, 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானவை. நிறுவனங்களுக்குள் நுழைந்து பார்க்கும் அதிகாரம் இவற்றுக்கு இருக்கிறது. விசாரணை ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. என் நேரம் திரும்பியது.

லோயிஸ் கர்டிஸ் பிறகு ஓவியராக வாழ்ந்தார். 2011-இல் வெள்ளை மாளிகையில் ஒபாமாவைச் சந்தித்துத் தன் ஓவியம் ஒன்றைக் கொடுத்தார். 2022-இல் இறந்தார், தன் வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்த காலத்தில். எலைன் வில்சன் 2004-லேயே போய்விட்டார்.

இப்போது நிலைமை நன்றாக இல்லை. 2025 ஜூலையில் கையெழுத்தான பட்ஜெட் சட்டம் மெடிக்கெய்டுக்கு மத்திய அரசு தரும் பணத்தைப் பெரிய அளவில் குறைக்கிறது. மாநிலம் எதை வெட்டும்? பராமரிப்பு இல்லம் கட்டாயம், வீட்டுச் சேவை விருப்பம் என்று அறுபது வருடம் முன்பு எழுதி வைத்தது இன்னும் மாறவில்லையே. எங்கள் மையத்தில் நேரக் குறைப்புக் கடிதத்தோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். உதவியாளர்களும் கிடைப்பதில்லை, இந்தச் சம்பளத்துக்கு யார் வருவார்கள்? வருகிறவர்களும் வந்த நேரம், போன நேரம், இருந்த இடம் எல்லாவற்றையும் போனில் பதிய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று படுத்துகிறது. என் உதவியாளர் நான் கடைக்குப் போகும்போது கூட வந்தால், ஆப் ‘இடம் பொருந்தவில்லை’ என்று கத்துகிறது. வீட்டை விட்டு வெளியே போவதற்குத்தான் இத்தனை பாடும் என்று அந்த ஆப் எழுதியவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

உங்கள் சொந்தத்தில், நட்பில் யாராவது இந்த நாட்டில் இப்படி ஒரு இல்லத்தில் இருந்தால், அடுத்த மதிப்பீடு எப்போது என்று கேட்டு வையுங்கள். ‘க்யூ’ பிரிவின் நகலைக் கேளுங்கள், பதில் சொன்னது யார் என்று பாருங்கள். ‘ஆம்’ என்று மாற்ற அடுத்த மதிப்பீடு வரை காத்திருக்க வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுத்து ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வெளியே வந்தவர்களுக்கு ஏதாவது கடிதம் வந்தால் பிரிக்காமல் வைக்காதீர்கள். கவரையும் தூக்கிப் போடாதீர்கள். கடிதத்தில் அச்சிட்ட தேதி ஒன்று, தபால் முத்திரையில் இருக்கும் தேதி இன்னொன்று, அந்தப் பத்து நாள் கணக்கில் இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் காணாமல் போயிருக்கும்.